சுத்தமான கோடு

முப்பத்தொன்று என்கிறான் தவசிலிங்கம். டிகிரி என்று சேர்த்துச் சொல்ல மாட்டான், வெறும் எண்தான். இதயத்துக்கும் நுரையீரலுக்கும் பதிலாக இப்போது ஓடிக்கொண்டிருக்கிற பம்ப் அவன் பொறுப்பு, ரத்தத்தைக் குளிர வைத்து உள்ளே அனுப்புவதும் அவன்தான். நான் திரையை விட்டுக் கண்ணெடுக்காமல் "ம்" என்கிறேன். மூளையின் மின்சாரத்தை வரைந்து காட்டுகிற எட்டுக் கோடுகள். மேலே நாலு வெள்ளைத்தாய் டீச்சரின் இடது மூளை, கீழே நாலு வலது மூளை. முப்பத்தொன்றில் ஒரு மூளை எப்படி நடந்துகொள்ள வேண்டுமோ அப்படி நடந்துகொள்கிறது, அவசரம் குறைந்து, அகலம் அகலமாக. நல்ல மூளை. காலையில் தலை முழுக்க எண்ணெயோடு வந்து என் உயிரை வாங்கிய தலைக்குள்ளே இவ்வளவு அழகான மூளை இருக்கும் என்று எனக்கு அப்போதே தெரியும். இதயத்திலிருந்து மேலே ஏறி வளைகிற பெரிய குழாயில், சரியாக அந்த வளைவில், டீச்சருக்கு ஒரு வீக்கம். அதை வெட்டி எடுத்துவிட்டுத் துணிக்குழாய் வைத்துத் தைக்க வேண்டும். தைக்கிற நேரத்தில் அங்கே ஒரு சொட்டு ரத்தம் இருக்கக் கூடாது, ஆகவே பம்பையும் நிறுத்த வேண்டும், ஆகவே மூளைக்கும் அரை மணி நேரம் ரத்தம் கிடையாது. சாதாரணமாக நாலைந்து நிமிஷம் தாங்காத மூளை அரை மணி தாங்க வேண்டுமென்றால் அதைக் குளிர வைத்து, மின்சாரம் மொத்தமும் அடங்கிய பிறகுதான் நிறுத்த முடியும். அடங்கிவிட்டதா என்று பார்த்துச் சொல்வது நான். நான் டாக்டர் இல்லை, டிப்ளமோ. ஆனால் நான் "ஃபிளாட்" என்று சொல்லாமல் டாக்டர் வைரவநாதன் பம்பை நிறுத்த மாட்டார். மதுரையில் இந்த ஆபரேஷன் செய்கிற இடங்கள் ஒன்றிரண்டுதான், அதில் எங்கள் ஆஸ்பத்திரியில் பதினோரு வருஷமாக அந்த வார்த்தையைச் சொல்லிவருவது நான் ஒருத்திதான். சொன்னது ஒருமுறைகூடத் தவறியதில்லை. இதைத் தற்பெருமை என்று சொல்கிறவர்கள் சொல்லிக்கொள்ளட்டும்.

எண்ணெயைச் சொன்னேனே, அது அவருடைய தம்பி பெண்டாட்டி வேலை. பெரிய ஆபரேஷன், உடம்பு சூடாகிவிடும், தணியட்டும் என்று விடியற்காலையில் உச்சியில் ஒரு கை விளக்கெண்ணெயை வைத்துத் தேய்த்திருக்கிறாள். உடம்பைப் பதினெட்டு டிகிரிக்குக் கொண்டுபோகப் போகிறோம், இவள் சூடு தணிக்கிறாள். தலையில் எலக்ட்ரோடு ஒட்ட வேண்டும், பொட்டு அளவு வெள்ளிக் கிண்ணம், உள்ளே உப்புப் பசை, எண்ணெய் இருந்தால் ஒட்டாது. இரண்டு தடவை ஷாம்பு போட்டுத் துடைத்தேன். டீச்சர் சிரித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். உசிலம்பட்டிப் பக்கம் பெண்கள் பள்ளியில் பி.டி. டீச்சர், ஐம்பத்தொரு வயசு, கல்யாணம் செய்துகொள்ளவில்லை, கோ-கோ விளையாட்டில் மாநிலப் போட்டி வரைக்கும் பிள்ளைகளைக் கொண்டுபோனவர். "ஏ தாயி, தலைய சுத்தி ஐஸு வப்பீகளாமே, எனக்குச் சைனஸ் இருக்கு, சளி புடிச்சிக்கிட்டா?" என்றார். நான் சிரித்துவிட்டேன். நெஞ்சைப் பிளந்து வைக்கப் போகிறார்கள், இவருக்குச் சளிக் கவலை. "சளி வந்தா நான் பொறுப்பு டீச்சர்" என்றேன். "அதென்ன, எல்லாத்துக்கும் நீதான் பொறுப்பா?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "கோடெல்லாம் நின்னு போன பெறகு நா எங்கனக்குள்ள இருப்பேன்?" என்று கேட்டார். இந்தக் கேள்வியைக் கேட்காத நோயாளி இல்லை. யாரும் மயக்க டாக்டரிடம் கேட்க மாட்டார்கள், தலையைத் தொட்டுக்கொண்டிருக்கிற என்னிடம்தான் கேட்பார்கள். "இங்கனதான் இருப்பிய, எங்க போகப் போறிய" என்றேன், என் ஊர்ப்பேச்சு தானாக வந்துவிட்டது. பாளையங்கோட்டையை விட்டு வந்து இருபது வருஷமாகியும் யாரையாவது தைரியப்படுத்த வேண்டுமென்றால் அந்தப் பேச்சுதான் வருகிறது.

இருபத்தெட்டு என்கிறான் தவசி. கோடுகள் இப்போது ஒரே மாதிரி அலையை விட்டுவிட்டுப் போடுகின்றன, ஒன்று, ஒரு இடைவெளி, ஒன்று. இதற்குப் பிறகு இடைவெளி நீளும், இருபத்தைந்து வாக்கில் திடீரென்று ஒரு கொத்து அலை, பிறகு பத்து நொடி மௌனம், மறுபடி ஒரு கொத்து. பிறகு இருபது நொடி, பிறகு ஒரு நிமிஷம். கடைசியில் கொத்தே வராது. சிலருக்கு இருபத்திரண்டிலேயே வராது, சிலருக்குப் பதினைந்து வரை வந்துகொண்டிருக்கும், அதனால்தான் தெர்மாமீட்டரை மட்டும் நம்பாமல் என்னையும் வைத்திருக்கிறார்கள். எனக்குக் குளிர்கிறது. தியேட்டரில் எப்போதும் குளிர்தான், இன்றைக்குக் கவுனுக்குள்ளே ஸ்வெட்டர் போட மறந்துவிட்டேன், ஏனென்றால் காலையில் சண்டை. ஸ்கூட்டர் சாவி. "நீங்கதான் எங்கயோ வச்சிட்டிய" என்றேன் என் வீட்டுக்காரர் ஜெபசிங்கிடம். அவர் எல்லா இடமும் தேடினார், டிவிக்குப் பின்னால், அரிசி டப்பாவுக்குள்கூட. எட்டேகாலுக்குப் பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார், ஒன்பதரைக்கு மின்வாரியத்தில் கையெழுத்துப் போட வேண்டும். வாசலில் நின்று திரும்பிச் சொன்னார், "ஏட்டி, கல்யாணமாகிப் பதினேழு வருசத்துல ஒரு நாளாவது தப்பு எம்மேலன்னு ஒன் வாயிலருந்து வந்திருக்கா?" தப்பு செய்திருந்தால்தானே வரும். ஒன்பது மணிக்கு இங்கே உடை மாற்றும்போது சாப்பாட்டுப் பையின் அடியில் கிணுங்கென்று ஒரு சத்தம். சாவி. எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி உள்ளேயே போட்டேன். போன் செய்திருக்கலாம். ஒரு மெசேஜ் போட்டிருக்கலாம். ஆபரேஷன் முடிந்து சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன், முடிந்த பிறகும் சொல்வேனா என்பது கர்த்தருக்குத்தான் வெளிச்சம். ஸ்டாண்டில் மாட்டி வைத்துவிட்டு, தேடிப் பார்த்தேன் இருந்தது என்று சொன்னால் யாருக்கு நஷ்டம்.

இருபத்தைந்து. கொத்து, மௌனம். நான் வாய்விட்டு எண்ணுகிறேன், பன்னிரண்டு, பதின்மூன்று, கொத்து. பக்கத்தில் பர்வீன் மேடம் மயக்க மருந்தின் அளவைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். மருந்திலும் இதே மாதிரிதான் அடங்கும், பார்க்க ஒரே படம். மருந்தை ஏற்றினால் கொத்து, மௌனம், பிறகு ஃபிளாட். குளிரை ஏற்றினாலும் அதே. ஆனால் இரண்டும் ஒன்றல்ல, இதை எனக்கு உதவிக்கு வரும் பயிற்சிப் பெண்களிடம் நான் இப்படிச் சொல்வேன்: மருந்து என்பது வகுப்பில் பிள்ளைகளை வாயில் விரல் வைத்து உட்கார வைப்பது, சத்தம் நிற்கும், பசி நிற்காது. குளிர் என்பது பிள்ளைகளைத் தூங்க வைப்பது, பசியே அடங்கிப்போகும். மூளை செல் பேசுவதற்கும் சாப்பாடு வேண்டும், பேசாமல் சும்மா உயிரோடு இருப்பதற்கும் சாப்பாடு வேண்டும். மருந்து முதலாவதை நிறுத்தும், இரண்டாவதைத் தொடாது. குளிர் இரண்டையும் குறைக்கும். அரை மணி நேரம் ரத்தம் இல்லாமல் கிடக்கப் போகிற மூளைக்கு நான் தேடுவது இந்த இரண்டாவது அடக்கத்தை. அதனால்தான் பர்வீன் மேடம் மருந்தை ஒரே அளவில் வைத்துக்கொண்டு ஏற்றாமல் இறக்காமல் நிற்கிறார், கோடு அடங்கினால் அது குளிரால்தான் என்று நான் நம்பிச் சொல்ல வேண்டும் என்பதற்காக. டிப்ளமோ பரீட்சையில் வாய்மொழித் தேர்வுக்கு வந்தவர் இரண்டு காகிதத்தை நீட்டினார், இரண்டிலும் நேர்கோடு. ஒன்று குளிர வைத்த மூளை, ஒன்று செத்த மூளை, எது எது என்றார். நான் பத்து நிமிஷம் பார்த்தேன். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயசு, எனக்குத் தெரியாதது என்று ஒன்று இருக்கும் என்பதையே நம்பாத வயசு. இடது கையில் இருப்பது குளிர் என்றேன், அடித்துச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "எனக்கும் தெரியாது, யாராலயும் சொல்ல முடியாதும்மா" என்றார். மார்க் போட்டுவிட்டார், ஆனால் அன்றைக்கு ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இருபத்துமூன்று. ஐஸ் பைகள் தலையைச் சுற்றி அடுக்கியிருக்கின்றன. அவற்றுக்கு அடியில், எலக்ட்ரோடுகளின் மேல், பிளாஸ்டிக் தொப்பி. குளிக்கும்போது பெண்கள் போடுவார்களே, எலாஸ்டிக் வைத்தது, அதேதான். அது என் யோசனை. ஐஸ் உருகி எலக்ட்ரோடில் படாமல் இருக்க இரண்டு வருஷத்துக்கு முன்னால் நான் கண்டுபிடித்தது, முப்பது ரூபாய். சென்னையில் ஒரு கருத்தரங்கில் படம் போட்டுக் காட்டினேன், கை தட்டினார்கள். கொத்து. முப்பது நொடி. கொத்து. நாற்பத்தைந்து. கொத்து, மிகச் சின்னதாக. பிறகு வரவில்லை. தவசி இருபத்தொன்றரை என்கிறான், நான் எண்ணிக்கொண்டிருக்கிறேன், ஒரு நிமிஷம், ஒன்றரை. எவ்வளவு சுத்தம். ஒட்டு எப்படி என்று மெஷினைக் கேட்கிறேன், ஒவ்வொரு எலக்ட்ரோடுக்கும் ஒரு எண் காட்டும், எண் குறைந்தால் ஒட்டு நன்றாக இருக்கிறது என்று பொருள். காலையில் நாலு, மூன்று, ஐந்து என்று இருந்தது. இப்போது எல்லாமே ஒன்று. ஐஸுக்கு அடியில் ஒரு மணி நேரம் கிடந்தும் ஒன்று. என் ஒட்டு என்றால் ஒட்டுதான். இரண்டு நிமிஷம். வழக்கம் மூன்று நிமிஷம் பார்ப்பது. "என்னம்மா ஹெப்சி, ஆச்சா? இங்க கசிவு அதிகமாகுது, ரொம்பக் குளுர வச்சா ரத்தம் உறையாது, அப்புறம் நான் சாயந்தரம் வரைக்கும் இங்கதான் நிக்கணும்" என்கிறார் டாக்டர் வைரவநாதன். இரண்டு நிமிஷம் நாற்பது நொடி. இருபது நொடியில் என்ன ஆகிவிடப் போகிறது. "ஃபிளாட் சார்" என்கிறேன். கணீரென்று சொல்வேன், தியேட்டர் முழுக்கக் கேட்கும். மணி பதினொன்று நாற்பத்திரண்டு. "சரி, மேஜையத் தலைப்பக்கம் எறக்குங்க. தவசி, நான் சொன்னதும் பம்ப் ஆஃப்" என்கிறார்.

மேஜை தலைப்பக்கம் சாய்கிறது. எனக்கு இப்போது வேலை இல்லை, திரையைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். பார்த்துக்கொண்டிருக்கிறேன். எட்டுக் கோடுகளும் அடிமட்டம் வைத்துப் போட்டமாதிரி இருக்கின்றன. பழக்கத்தில் பெருக்கத்தை, சின்ன அலையையும் பெரிசாகக் காட்டுவதை, கடைசி வரை ஏற்றுகிறேன். அப்போதும் அடிமட்டம். சாவியை ஸ்டாண்டில் மாட்டக் கூடாது, அவர் ஸ்டாண்டை மூன்று தடவை பார்த்தார். சோபா இடுக்கில் போட்டால் சரியாக இருக்கும். அழகான கோடு. இவ்வளவு அழகான கோட்டை நான் பார்த்ததே. பார்த்ததே இல்லை. ஏன் பார்த்ததில்லை. பெருக்கம் இவ்வளவு ஏற்றினால் ஒரு நடுக்கம் தெரியும், எப்போதும் தெரியும், மூளையுடையதல்ல, தவசியின் பம்ப் சுற்றுகிற நடுக்கம், பொடிப்பொடியாக, கோட்டின் ஓரத்தில் மீசை முளைத்தமாதிரி. பம்ப் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது, என் காதிலேயே கேட்கிறது. கோட்டில் இல்லை. எட்டிலும் இல்லை. அது இல்லை என்றால் இந்தக் கோடு தலைக்குள்ளிருந்து வரவில்லை. எண்ணெயா? இல்லை, எண்ணெய் என்றால் ஒட்டு கெட்டு எண் ஏறும், இங்கே எண் இறங்கி எல்லாம் ஒன்று. எல்லாம் ஒன்று. ஐஸுக்கு அடியில் ஒரு மணி நேரம் கிடந்து எந்த ஒட்டும் நன்றாக ஆகாது, ஹெப்சிபா, எந்த ஊரில் ஆகும். தண்ணீர். ஏதோ ஒரு பை ஓட்டை, தண்ணீர் பிடரி வழியாகத் தொப்பிக்குள் போயிருக்கிறது, எலாஸ்டிக் அதை வெளியே விடவில்லை, உப்புப் பசை கரைந்து எல்லா எலக்ட்ரோடையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டது. இரண்டு எலக்ட்ரோடுக்கு இடையில் இருக்கிற வித்தியாசம்தான் கோடு. இரண்டும் ஒன்றாகிவிட்டால் வித்தியாசம் ஏது. நான் டீச்சரின் மூளையைப் பார்த்து ஃபிளாட் சொல்லவில்லை, ஒரு தொப்பி தண்ணீரைப் பார்த்துச் சொல்லியிருக்கிறேன். என் தொப்பி.

அடுத்த நொடியே மனசு வக்கீல் வேலை பார்க்க ஆரம்பிக்கிறது, இருபத்தொன்றரை ஆகிவிட்டது, சிலருக்கு இந்த நேரத்தில் அடங்கியிருக்கும், கடைசிக் கொத்து சின்னதாகத்தானே இருந்தது, ஒருவேளை நிஜமாகவே அடங்கியிருந்தால், ஒன்றும் ஆகாமல் போனால், யாருக்குத் தெரியப் போகிறது, பதினோரு வருஷம். அந்தக் கடைசிக் கொத்து சின்னதாக இருந்தது மூளை அடங்கியதாலா, தண்ணீர் ஏறியதாலா? தெரியாது. தெரியாது என்பது சொல்ல வேண்டிய விஷயமா, மறைக்க வேண்டிய விஷயமா. நாளைக்கு டீச்சர் கண் விழித்து, தம்பி பெண்டாட்டியைப் பார்த்து இது யார் என்று கேட்டால், ஒரு கை தூக்க வராமல் போனால், ஒருத்தரும் என் பக்கம் திரும்ப மாட்டார்கள், பெரிய ஆபரேஷன், சிலருக்கு அப்படி ஆகும் என்பார்கள். ஒருத்தரும் கேட்க மாட்டார்கள். அதுதான் பயமாக இருக்கிறது, கேட்க மாட்டார்கள் என்பதுதான். டாக்டரின் கை தவசி பக்கம் உயர்கிறது. "நிறுத்தாதீங்க!" என்று கத்துகிறேன். எல்லோரும் திரும்புகிறார்கள். "என்னம்மா?" "பம்ப்ப நிறுத்தாதீங்க சார். ஃபிளாட் இல்ல." "இப்பத்தானம்மா நீ ஃபிளாட்டுன்னு சொன்ன?" "சொன்னேன் சார். தப்பாச் சொல்லிட்டேன். தப்பு என்னோடது. தொப்பிக்குள்ள தண்ணி போயிருக்கு." முகமூடிக்கு மேலே அவருடைய கண்கள் என்னைப் பார்க்கின்றன, கோபம் என்றால் கோபம், அப்படி ஒரு கோபம். தப்பு என்னோடது. என் குரல்தான், அதே கணீர்.

பர்வீன் மேடம் தலைப்பக்கத் துணியைத் தூக்கிப் பிடிக்கிறார், நான் குனிந்து உள்ளே போகிறேன். ஐஸ் பைகளைத் தள்ளித் தொப்பியின் ஓரத்தை விரலால் நெம்பியதும் தண்ணீர் என் மணிக்கட்டு வழியாக முழங்கை வரை ஓடுகிறது, ஒரு டம்ளர் இருக்கும். இன்றைக்கு ஐஸ் மெல்லிசு கேரி பையில் வந்திருக்கிறது, அதை நான் பார்த்திருக்க வேண்டும். நெற்றி சில்லிட்டுக் கிடக்கிறது. இவ்வளவு குளிர்ந்த நெற்றியை வேறு இடத்தில் தொட்டால் அழத் தொடங்கிவிடுவோம். பஞ்சால் துடைக்கிறேன், முடியைப் பிரிக்கிறேன், கிண்ணங்களைப் பிடுங்கிவிட்டு ஊசி எலக்ட்ரோடுகளைத் தோலுக்கு அடியில் செருகுகிறேன், இடது இரண்டு, வலது இரண்டு, நடுவில் ஒன்று. இதைச் சொல்லிக்கொள்ளத்தான் வேண்டும், ஐந்தும் முதல் குத்திலேயே உட்கார்ந்தன. வெளியே வந்து திரையைப் பார்க்கிறேன், கோட்டில் மீசை முளைத்திருக்கிறது, பம்பின் நடுக்கம், அழுக்குக் கோடு, அப்பாடா, நிஜக் கோடு. ஐந்து நொடி. எட்டு. பதினொன்று. கொத்து! பெரிய கொத்து, இரண்டு பக்கமும், சின்னதொன்றுமில்லை. டீச்சர் இத்தனை நேரமும் பேசிக்கொண்டுதான் இருந்திருக்கிறார். "சார், பாருங்க" என்கிறேன். அவர் பார்க்கிறார். ஒரு கெட்ட வார்த்தை சொல்கிறார், என்னையல்ல, பொதுவாக. பிறகு, "எவ்வளவு நேரமாகும்? பர்வீன், தயோபென்டோன் போட்டு அடக்கிடலாமே, நேரம் போகுதே" என்கிறார். பர்வீன் மேடம் ஊசியைத் தொடாமல் சொல்கிறார், "போட்டா கோடு அடங்கிடும் சார். அப்புறம் குளுரு போதுமான்னு ஹெப்சிக்கு எப்படித் தெரியும்?" டாக்டர் என்னைப் பார்க்கிறார். பத்து நிமிஷத்துக்கு முன்னால் தப்பாகச் சொன்னவள் நான். "மருந்து வேண்டாம் சார். இன்னும் கீழ எறக்குங்க, நான் சொல்லுதேன்" என்கிறேன். எங்கிருந்து இந்தத் தைரியம் வந்தது என்று கேட்டால், தப்பைச் சொல்லிவிட்ட பிறகு வேறென்ன பயம் மிச்சம் இருக்கிறது.

பன்னிரண்டு நிமிஷம். இருபது, பத்தொன்பதரை, பத்தொன்பது. டாக்டர் ரத்தம் கசிகிற இடங்களை ஒற்றிக்கொண்டே நிற்கிறார். கொத்துக்கு நடுவில் நாற்பது நொடி, ஒரு நிமிஷம், ஒன்றரை. ஒவ்வொரு கொத்தும் போகும்போது, போ, இன்னும் ஒன்றுதான், போ என்று மனசுக்குள் சொல்கிறேன், ஒரு உயிரின் பேச்சை நிறுத்தச் சொல்லிக் கெஞ்சுகிற வேலை வேறு யாருக்காவது இருக்குமா தெரியவில்லை. பதினேழு புள்ளி எட்டில் கடைசிக் கொத்து, அதற்குப் பிறகு மீசை மட்டும். ஒரு நிமிஷம். இரண்டு. மூன்று. நாலாவது நிமிஷத்தையும் முழுசாக எண்ணுகிறேன், யாரும் என்னை அவசரப்படுத்தவில்லை. "ஃபிளாட் சார்." "நிச்சயமா?" பதினோரு வருஷத்தில் அவர் இதைக் கேட்டதில்லை. கேட்கட்டும், கேட்கத்தான் வேண்டும். "நிச்சயம் சார்." தவசி பம்பை நிறுத்துகிறான். மீசை மறைகிறது. இப்போது மறுபடியும் அடிமட்டம் வைத்த கோடு, ஆனால் இப்போது எனக்கு அது ஏன் என்று தெரியும். பன்னிரண்டு பத்து.

இருபத்தாறு நிமிஷம் தைத்தார். வெள்ளைத் துணிக்குழாய், நீல நூல், நடுவில் ஒருமுறை நூல் அறுந்து மறுபடி போட்டார். அந்த இருபத்தாறு நிமிஷமும் நான் பார்த்த கோட்டைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, இடது கையில் எது வலது கையில் எது என்று யாராலும் சொல்ல முடியாத கோடு. பம்ப் மறுபடி சுற்றத் தொடங்கியதும், "சூடேத்து தவசி, மெதுவா" என்று சொல்லிவிட்டு டாக்டர் என் பக்கம் திரும்பாமலே பேசினார். "ஹெப்சி, அந்த முதல்ல சொன்னதையெல்லாம் தாளில எழுதிட்டு இருக்காதம்மா. கடைசியாச் சொன்னது மட்டும் போதும். நாளைக்கு ஏதாச்சும்னா ஆடிட்ல உன்னையத்தான் கேப்பாங்க." கோபமெல்லாம் போய்விட்ட குரல். நல்லதுக்குத்தான் சொல்கிறார், இந்த மனுஷர் கெட்டவர் இல்லை. பதிவுத்தாள் என் மடியில் இருக்கிறது. பதினொன்று நாற்பத்திரண்டு என்ற இடம் காலியாக இருக்கிறது. பத்தொன்பது என்கிறான் தவசி. கோட்டில் மீசை வந்துவிட்டது, வேறொன்றும் வரவில்லை. வர நேரமாகும், இருபத்திரண்டு இருபத்துமூன்றுக்கு முன்னால் எதிர்பார்க்கக் கூடாது, எனக்குத் தெரியும், ஆனால் தெரிந்து என்ன பிரயோஜனம். எழுதாமல் விட்டால், கோடு திரும்பி வந்தாலும் வராவிட்டாலும், நான் தப்பியே போவேன். வந்த பிறகு எழுதலாமே, எல்லாம் நன்றாக முடிந்த பிறகு பெருந்தன்மையாக ஒரு வரி எழுதலாமே என்கிறது மனசு, எவ்வளவு கெட்டிக்கார மனசு. வந்த பிறகு எழுதினால் அது கதை சொல்வது. வராமல் போகலாம் என்ற இந்த நேரத்தில் எழுதினால்தான் எழுதியதாக ஆகும். சென்னையில் கை தட்டிய நாற்பது பேரில் எத்தனை பேர் முப்பது ரூபாய்த் தொப்பி வாங்கி மாட்டிக்கொண்டிருக்கிறார்களோ. நாளைக்கு ஒருத்தி எல்லா எண்ணும் ஒன்று, என் ஒட்டு என்றால் ஒட்டுதான் என்று நினைத்துக்கொண்டு வாயைத் திறப்பாள். எழுதினேன். பதினொன்று நாற்பத்திரண்டு, ஃபிளாட் என்று சொன்னேன், மூன்று நிமிஷம் முழுசாகப் பார்க்கவில்லை, தொப்பிக்குள் தண்ணீர், பம்பின் நடுக்கம் கோட்டில் இல்லாததைக் கவனிக்கவில்லை, தவறு என்னுடையது. பெயரை முழுசாக எழுதினேன், ஆர். ஹெப்சிபா ஞானமணி. எழுத்து கோணலாக விழுந்தது, ஆனால் படிக்க முடிகிறது.

இருபத்தொன்று. ஒன்றுமில்லை. இருபத்திரண்டு. ஒன்றுமில்லை. பர்வீன் மேடம் வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நிற்கிறார். கோடு அடங்கியதைத்தான் தியேட்டரில் சத்தம் போட்டுச் சொல்ல வேண்டும். திரும்பி வருவதை யாரும் கேட்பதில்லை, அது தாளில் ஒரு எண், அவ்வளவுதான். இருபத்துமூன்று. நான் எண்ணுவதை நிறுத்திவிட்டேன், எதை எண்ணுவது. எனக்குப் பயமாக இருக்கிறது, ஆண்டவரே, எனக்கு ரொம்பப் பயமாக இருக்கிறது. இருபத்துமூன்று புள்ளி நாலு. இடது பக்கம் ஒரு புடைப்பு. மேஜையை யாரோ இடித்தார்களா? யாரும் இடிக்கவில்லை. மறுபடி ஒரு புடைப்பு, அதற்குப் பின்னால் ஒரு கொத்து, பம்பின் நடுக்கத்தை ஏறி மிதித்துக்கொண்டு. வலது பக்கம் காலி. வலது பக்கம் காலி. ஒரு நிமிஷம். ஒன்றரை. கொத்து, இரண்டு பக்கமும் சேர்ந்து, ஒரே நேரத்தில். யாரும் கேட்கவில்லை. "சார்" என்று கத்தினேன், டாக்டர் பதறிப்போய் ஊசியோடு நிமிர்ந்தார். "டீச்சர் பேசுதாங்க சார்."